மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு: ஒரு சட்டக் கேள்வியை நூல்களின் வழியே ஆராய்வது எப்படி

"பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா?" என்று தேடினால் மூன்று விதமான பதில் வரும். 1989-க்கு முன்பு கல்யாணமாகியிருந்தால் இல்லை என்று ஒன்று சொல்லும். 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் உண்டு என்று இன்னொன்று சொல்லும். எப்போது பிறந்தாலும், எப்போது மணமானாலும் உண்டு என்பது மூன்றாவது. மூன்றுமே பொய்யில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் சட்டமாகவோ தீர்ப்பாகவோ அச்சானதுதான். புதிதாகச் சட்ட ஆய்வுக்குள் வருபவர் தடுமாறுவது தவறான நூலை எடுப்பதால் மட்டுமல்ல, சரியான நூலைத் தவறான தேதிக்குப் படிப்பதாலும்தான்.

முதலாண்டு சட்ட மாணவர், சமூகவியல் ஆய்வாளர், செய்தியாளர், கிராமத்தில் பெண்களோடு வேலை செய்யும் தொண்டர் என யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான். இந்த ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு அந்த வழியில் போவோம். வேறு கேள்விக்கும் இதே வரிசை உதவும்.

முதலில் கேள்வியைத் தேதிகளோடு எழுதுங்கள்

நூலகத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் ஆறு விவரம் வேண்டும். குடும்பத்துக்குப் பொருந்தும் வாரிசுச் சட்டம் எது? சொத்து பூர்வீகமா, சுயசம்பாத்தியமா? தந்தை இறந்த தேதி என்ன? மகளின் திருமணத் தேதி என்ன? பாகப்பிரிவினை நடந்ததா, நடந்திருந்தால் எந்த நாளில், எந்த ஆவணத்தின் மூலம்? வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா?

முதல் விவரத்திலேயே பலர் வழுக்குவார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு உரியது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் தனிச் சட்டம். பட்டியல் பழங்குடியினருக்கு, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி இது பொருந்தாது என்று அதன் பிரிவு 2(2) சொல்கிறது. மலைக்கிராமத்தில் கள ஆய்வுக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காமல் போனால் கட்டுரை முழுக்க வீண்.

சட்ட வாசகம்: பதிப்பாண்டைப் பார்க்காமல் பக்கத்தைத் திறக்காதீர்கள்

உரை, விளக்கம் எதுவும் இல்லாமல் சட்டத்தை மட்டும் அச்சிட்ட சிறு நூலை 'பேர் ஆக்ட்' என்பார்கள். நீதிமன்ற வளாகத்துப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். அரசின் 'இந்தியா கோடு' இணையதளத்தில் இலவசமாகவும் படிக்கலாம். ஆனால் அங்கே இருப்பது இன்றைய வடிவம் மட்டுமே. நம் கேள்விக்கு மூன்று அடுக்குகள் தேவை.

முதல் அடுக்கு 1956-இன் பழைய பிரிவு 6. கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமை மகனுக்கு மட்டும். வக்கீல்கள் கோபார்சனர் என்று சொல்வது இந்தப் பிறப்புரிமைப் பங்காளியைத்தான். இரண்டாவது அடுக்கு தமிழ்நாட்டுத் திருத்தம், அதாவது 1990-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் சட்டம். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுவது. பிரிவு 29ஏ-வைச் சேர்த்து மகளையும் பிறப்புரிமைப் பங்காளியாக்கியது. ஆனால் அந்த நாளுக்கு முன் மணமான மகளையும், அதற்கு முன்பே முடிந்துவிட்ட பாகப்பிரிவினையையும் விலக்கியது. ஆந்திரம் இதற்கு முன்பே செய்திருந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் 1994-இல் செய்தன. மூன்றாவது அடுக்கு மத்திய அரசின் 2005-ஆம் ஆண்டு 39-ஆம் எண் திருத்தச் சட்டம். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க மகளுக்கு மகனோடு சமமான பிறப்புரிமை தந்தது. திருமணத் தேதி பற்றிய விலக்கு இதில் இல்லை.

அடிக்குறிப்புகளை விட்டுவிட்டுப் படிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. எந்தப் பிரிவு எந்தச் சட்டத்தால், எந்தத் தேதி முதல் மாற்றப்பட்டது என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். 2005 திருத்தம் பிரிவு 6-ஐ மாற்றியதோடு நிற்கவில்லை. குடியிருக்கும் வீட்டைப் பங்கு கேட்கப் பெண்ணுக்கு இருந்த தடையான பிரிவு 23-ஐயும், சில விதவைகள் மறுமணத்தால் வாரிசுரிமை இழப்பதைச் சொன்ன பிரிவு 24-ஐயும், வேளாண் நிலம் பற்றிய பிரிவு 4(2)-ஐயும் நீக்கியது. இன்றைய பதிப்பில் அந்த எண்களுக்கு எதிரே 'நீக்கப்பட்டது' என்று மட்டும் நிற்கும். 1998-இல் நடந்த ஒரு குடும்பச் சண்டையைப் புரிந்துகொள்ள அந்த நீக்கப்பட்ட வாசகம்தான் வேண்டும்.

பழைய வாசகத்துக்கு 2005-க்கு முன் அச்சான பேர் ஆக்ட் போதும். கன்னிமாரா பொது நூலகத்திலும் சட்டக் கல்லூரி நூலகங்களிலும் பழைய பதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய நூல் என்று தள்ளிவிடாமல் வைத்திருக்கும் நூலகர் சட்ட ஆய்வாளருக்கு வாய்த்த வரம். இன்னொரு எளிய வழியும் உண்டு: பிரிவு 6 பற்றிய பெரிய தீர்ப்புகளில் பழைய, புதிய வாசகங்கள் இரண்டையும் நீதிபதிகள் முழுமையாக எடுத்தெழுதியிருப்பார்கள்.

அடுக்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு கணக்கு போட்டால்தான் உறைக்கும். தந்தை, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். தாய் முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பிரிவு 6-இன்படி தந்தை இறக்கும்போது கற்பனையாக ஒரு பாகப்பிரிவினை நடந்ததாகக் கொள்வார்கள். தந்தைக்குப் பாதி, மகனுக்குப் பாதி. தந்தையின் பாதியை மகனும் மகளும் வாரிசாகச் சமமாகப் பிரிப்பார்கள். மகளுக்குக் கால் பங்கு, மகனுக்கு முக்கால். புதிய பிரிவின்படி மூவருக்கும் மூன்றில் ஒன்று. தந்தையின் மூன்றில் ஒன்றும் இரண்டாகப் பிரியும். ஆக ஆளுக்குப் பாதி. பழைய சட்டத்தில் மகளுக்கு 'எதுவுமே இல்லை' என்று எழுதுகிறவர்கள் இந்தக் கால் பங்கைத் தவறவிடுகிறார்கள். அண்ணன் தம்பி எண்ணிக்கையை மாற்றி நீங்களே இரண்டு மூன்று முறை போட்டுப் பாருங்கள். இரண்டு மகன் ஒரு மகள் என்றால் பழைய கணக்கில் அவளுக்கு ஒன்பதில் ஒன்று. புதிய கணக்கில் மூன்றில் ஒன்று.

தமிழ் வாசகம் பற்றி ஒன்று. அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 348-இன்படி உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் அதிகாரபூர்வமாகக் கொள்ளப்படுவது ஆங்கில வாசகமே. தமிழாக்கம் புரிந்துகொள்ள உதவும். ஒரு சொல்லின் மேல் வாதம் கட்டப்போகிறீர்கள் என்றால் ஆங்கில மூலத்தோடு ஒத்துப்பார்த்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் வெளியிடும் தமிழாக்கத் தீர்ப்புகளுக்கும் இதே விதிதான்.

சட்டம் ஏன் வந்தது என்று தேடுதல்

மசோதாவோடு 'நோக்க காரண விளக்கவுரை' என்று ஒரு பக்கம் இணைந்திருக்கும். முதலில் அதைப் படியுங்கள். பிறகு இந்தியச் சட்ட ஆணையத்தின் 174-ஆவது அறிக்கை. 2000-ஆம் ஆண்டில் வந்த இது, இந்துச் சட்டத்தில் பெண்களின் சொத்துரிமை பற்றியது. தென் மாநிலங்களின் திருத்தங்களை ஒப்பிட்டுப் பேசுவது. சட்ட ஆணைய இணையதளத்தில் இலவசம். அதன் பின் நாடாளுமன்ற விவாதம்.

இவற்றைப் படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் சங்கதி ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த பாகப்பிரிவினையையும் கிரயத்தையும் புதிய சட்டம் தொடாது என்கிறது பிரிவு 6. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2005 செப்டம்பரில். இடையில் ஏன் இந்தத் தேதி? அன்றுதான் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாகப் பத்திரம் எழுதி மகளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது.

இன்னும் பின்னால் போக விரும்பினால், 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதை முதன்மைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி அம்பேத்கர் 1951-இல் சட்ட அமைச்சர் பதவியை விட்டார். 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தம் வானத்திலிருந்து விழவில்லை.

தீர்ப்புகள்: இங்கே அவசரம் கூடாது

மேற்கோள் குறியை உடைத்துப் படிக்கப் பழகுங்கள். '(2020) 9 எஸ்சிசி 1' என்றால் 2020-ஆம் ஆண்டு, எஸ்சிசி என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பின் 9-ஆம் தொகுதி, 1-ஆம் பக்கத்தில் தொடங்கும் தீர்ப்பு. ஏஐஆர் என்பது 1914 முதல் வரும் அகில இந்தியத் தொகுப்பு. எம்எல்ஜே என்பது 1891 முதல் சென்னையிலிருந்து வரும் தொகுப்பு. பழைய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அதைத் தேடாமல் முடியாது. எஸ்சிஆர் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தொகுப்பு; 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த 2023-இலிருந்தே 'ஆண்டு, ஐஎன்எஸ்சி, வரிசை எண்' என்ற வடிவில் எந்தப் பதிப்பாளரையும் சாராத பொது மேற்கோள் எண்ணும் வந்துவிட்டது. பணம் கட்ட முடியாதவர்கள் இந்தியன் கானூன் தளத்தில் தேடலாம்.

இப்போது நம் கேள்விக்கான தீர்ப்புகளை வந்த வரிசையில் வைப்போம். 2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் இரு நீதிபதி அமர்வு, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தையும் மகளும் இருவருமே உயிரோடு இருந்தால்தான் புதிய உரிமை என்றது. 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் வேறொரு இரு நீதிபதி அமர்வு. அங்கே தந்தை 2001-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் மகள்களுக்குச் சமபங்கு கிடைத்தது. முந்தைய தீர்ப்பை எடுத்துக்காட்டியபடியே முடிவு மட்டும் வேறு பக்கம் போனது. அதே ஆண்டில் மங்கம்மாள் எதிர் டி.பி. ராஜு என்ற தமிழ்நாட்டு வழக்கில், 1989-க்கு முன் மணமான மகள்களுக்குப் பிரிவு 29ஏ உதவாது என்று தீர்ப்பு வந்தது. சம பலம் கொண்ட அமர்வுகள் முரண்பட்டால் பெரிய அமர்வுக்குத்தான் போக வேண்டும். 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு முடிவு சொன்னது: உரிமை பிறப்பால் வருவது, தந்தை 2005-இல் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. பிரகாஷும் மங்கம்மாளும் தள்ளப்பட்டன. தானம்மா ஓரளவு தள்ளப்பட்டது.

இதில் புதியவர் சறுக்கும் இடங்கள் நான்கு.

2017-இல் அச்சான ஒரு நல்ல நூலை எடுத்துப் பிரகாஷ் தீர்ப்பை இன்றைய சட்டமாக எழுதுவது முதலாவது. எந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினாலும், அதன் பிறகு வந்த தீர்ப்புகளில் அதற்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் நகரக் கூடாது. கட்டணத் தளங்கள் இதை அடையாளமிட்டுக் காட்டும். இலவசத் தளத்தில் 'இதை எடுத்தாண்ட தீர்ப்புகள்' பட்டியலைத் திறந்து, பெரிய அமர்வுகளையும் அண்மைத் தேதிகளையும் நீங்களே பார்க்க வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணியை மிச்சம் பிடித்தால் கட்டுரை முழுவதும் சரியும்.

இரண்டாவது, தலைக்குறிப்பை மேற்கோள் காட்டுவது. தொகுப்பில் தீர்ப்புக்கு மேலே இருக்கும் சுருக்கம் பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதல்ல. எங்கே படிக்கலாம் என்று அது வழிகாட்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, பத்தி எண். வினீதா சர்மாவின் இறுதி விடைகள் நீதிமன்றம் வெளியிட்ட மூலத்தில் 129-ஆம் பத்தியிலும், எஸ்சிசி அச்சில் 137-ஆம் பத்தியிலும் இருக்கின்றன. எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்று குறிக்காவிட்டால் சரிபார்ப்பவர் உங்களை நம்ப மாட்டார்.

நான்காவது, தீர்ப்பில் உள்ள எல்லா வாக்கியமும் சமம் என்று எண்ணுவது. வழக்கைத் தீர்க்கத் தேவையான காரணம் மட்டுமே பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். 'மகள் என்றும் மகளே' என்பது போன்ற அழகான வரிகள் செய்தித்தாளுக்குத் தலைப்பாகும். ஆய்வுக்கு அதைவிட முக்கியம், அதே தீர்ப்பு வாய்மொழிப் பாகப்பிரிவினை பற்றிச் சொன்னது: வெறும் வாய்ச்சாட்சியம் செல்லாது, அரசு ஆவணங்கள் துணை நிற்கும் அரிதான நிலையில் மட்டும் ஏற்கலாம். நம் ஊர்களில் கூர்சீட்டு, அதாவது பங்கு பிரித்ததைக் குறித்த சீட்டு எழுதி, பதியாமல் பெட்டியில் வைத்த குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்தப் பத்தியின் கனம் புரியும்.

உரைநூல்களும் அகராதிகளும்

இந்துச் சட்டத்துக்கு மெயின், முல்லா என்ற இரண்டு பெயர்களைக் கேட்பீர்கள். ஜான் டி. மெயின் சென்னையில் வக்கீலாக இருந்தவர். அவருடைய நூல் 1878-இல் முதலில் வந்தது. மெயின், முல்லா இருவரும் காலமாகிப் பல தலைமுறை ஆகியும் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் திருத்தித் திருத்தி அச்சிடுகிறார்கள். ஆகவே அட்டைப் பெயரைவிடப் பதிப்பாண்டும் பதிப்பாசிரியர் பெயரும் முக்கியம். உரைநூலை வரைபடம் போல வையுங்கள். அது காட்டும் தீர்ப்புக்கு நீங்களே போங்கள்.

பழைய பதிப்புகளுக்கும் வேலை உண்டு. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடித்த அருணாசல கவுண்டர் வழக்கு தமிழ்நாட்டுக் குடும்பத்துடையது. தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்து 1956-க்கு முந்தைய சட்டத்திலும் மகளுக்கு வருமா என்பது கேள்வி. வரும் என்று சொல்ல மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட உரைநூலையும் பழைய தீர்ப்புகளையும் புரட்ட வேண்டியிருந்தது.

சொல் புரியவில்லை என்றால் பொது அகராதி வேண்டாம். 'பிரிவினை' என்பதற்கு வீட்டில் ஒரு பொருள், பிரிவு 6-இன் விளக்கத்தில் இன்னொரு பொருள்: பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை.

சட்டத்துக்கு வெளியே என்ன நடக்கிறது

நீதிமன்றத்துக்கு வரும் குடும்பங்கள் கொஞ்சம். பெரும்பாலான பங்குகள் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே முடிந்துவிடுகின்றன, அதுவும் 'விடுதலைப் பத்திரம்' என்ற பெயரில். அக்கா தங்கைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். நகையும் சீரும் செய்தாயிற்று, பிறந்த வீட்டு வாசல் அடைபடக் கூடாது என்று அதற்குக் காரணங்கள் இருக்கும். இதைத் தீர்ப்புத் தொகுப்பு எதிலும் காண முடியாது. சட்டமும் சமூகமும் என்ற ஆய்வுத்துறை தொடங்குவதே இங்கேதான்.

நில உரிமையில் தெற்காசியப் பெண்கள் பற்றிப் பினா அகர்வால் எழுதி 1994-இல் வந்த பெருநூல் இன்றும் தொடக்கப் புள்ளி. புள்ளிவிவர வழியில் போனவர்களில் டைனிங்கர், கோயல், நாகராஜன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். கர்நாடகம், மகாராஷ்டிரம் இரண்டின் 1994 திருத்தங்களை எடுத்து, தந்தை திருத்தத்துக்கு முன் இறந்த குடும்பங்களையும் பின் இறந்த குடும்பங்களையும் ஒப்பிட்டார்கள். மகள் நிலம் பெறும் வாய்ப்பு கூடியது. ஆனால் மகனோடு சமமாகவில்லை. தேதிதான் அங்கேயும் அளவுகோல் என்பதைக் கவனியுங்கள். இத்தகைய கட்டுரைகளுக்கு எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி, 1966 முதல் வரும் லா அண்ட் சொசைட்டி ரிவ்யூ, இந்தியச் சட்டக் கழகத்தின் இதழ் ஆகியவற்றில் தேடுங்கள். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் கிடைக்கும். தரம் ஏறி இறங்கும். கள விவரமும் துணைநூற்பட்டியலும் பயன்படும்.

எண்களை எடுக்கும்போது என்ன அளக்கப்பட்டது என்று பாருங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலம் நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 சதவீதம். இது சாகுபடியை நடத்துபவர் கணக்கு; பட்டா யார் பெயரில் என்ற கணக்கல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்போ பெண்ணிடமே, 'தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உங்களுக்கு வீடோ நிலமோ உண்டா' என்று கேட்கிறது. கணவனோடு சேர்ந்து வாங்கிய வீடும் அதில் அடங்கும். பிறந்த வீட்டுப் பங்கு தனியாகத் தெரியாது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'பெண்களின் சொத்துரிமை உயர்ந்தது' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்தத் தவற்றில் நீங்கள் சேர வேண்டாம்.

ஊர் அளவில் வேலை செய்தால் வில்லங்கச் சான்று பெரிய துணை. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுச் செய்து பதிவேட்டைத் தேடச் சொல்ல வேண்டும். பத்திரத்தின் வகை, தேதி, எழுதிக் கொடுத்தவர், பெற்றவர் பெயர் எல்லாம் வரும். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மகள் பெயர் இருக்கிறதா, விடுதலைப் பத்திரம் எத்தனை, 2005-க்கு முன் பின் வேறுபாடு உண்டா என்று எண்ணலாம். பதியாத கூர்சீட்டு இதில் வராது. ஆகவே 'பத்திரம் இல்லை' என்பதைப் 'பிரிவினை நடக்கவில்லை' என்று வாசிக்காதீர்கள். கட்டுரையில் பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிடுங்கள். கிராமத்தில் சர்வே எண் ஒன்றே குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும். விடுதலை எழுதிக்கொடுத்த பெண்ணிடம் பேசுவதானால் அண்ணன் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசாதீர்கள். அங்கே கிடைக்கும் பதில் அண்ணனுடையது.

குறிப்பெடுக்கும் முறை

ஒரு அட்டவணை போதும். ஐந்து நெடுவரிசை: நூல் அல்லது தீர்ப்பின் முழு மேற்கோள், அது எந்தத் தேதியில் இருந்த சட்டத்தைப் பேசுகிறது, எந்தப் பக்கம் அல்லது பத்தி, உங்கள் சொந்தச் சொல்லில் இரண்டு வரி, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நீங்கள் பார்த்த நாள். இரண்டாவதும் ஐந்தாவதும்தான் பலரும் விட்டுவிடுபவை. மேற்கோளை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள் அன்றைக்கே போட்டுவிடுங்கள்; மூன்று மாதம் கழித்து எது உங்கள் வரி, எது நீதிபதியின் வரி என்று பிரிக்க முடியாது.

எழுதி முடித்து அனுப்பும் நாளில், நீங்கள் சார்ந்திருக்கும் தீர்ப்புகள் ஒவ்வொன்றின் பெயரையும் மறுபடி தேடுங்கள். சட்டப் பிரிவு இன்றும் அதே வாசகத்தில் இருக்கிறதா என்று இந்தியா கோடில் பாருங்கள். கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில், எந்தத் தேதி வரையிலான சட்டநிலை இது என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.